வாயு மணலா, நீர் மணலா? நில அதிர்வு வீச்சின் கோண மாற்றத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் 2019 முதல் இயங்கும் திரவ இயற்கை வாயு முனையத்துக்கு வரும் கப்பல்கள், ஏறக்குறைய −162 டிகிரி செல்சியஸில் குளிர்விக்கப்பட்ட வாயுவைச் சுமந்து வருகின்றன. அது மீண்டும் வாயுவாக்கப்பட்டு, குழாய் வழியே மணலியின் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. அக்கப்பல்கள் கடந்து வரும் வங்கக்கடலின் அடியிலும் வாயு உண்டு. நமக்கு வடக்கே கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் 2002இல் பெரிய வாயு வயல் ஒன்று கண்டறியப்பட்டு, 2009இல் உற்பத்தி தொடங்கியது. தெற்கே காவிரிப் படுகையில் பல பத்தாண்டுகளாக எண்ணெயும் வாயுவும் எடுக்கப்படுகின்றன. நம் கரைக்கு நேர் எதிரே பாலாற்றுப் படுகை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது.

கடலடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒரு மணல் அடுக்கின் துளைகளில் இருப்பது வாயுவா, வெறும் உப்புநீரா என்பதைத் துளையிடும் முன்பே கணிக்க உதவும் முறைகளில் முக்கியமானது, கடலில் எழுப்பிய ஒலி அடியிலுள்ள பாறை எல்லைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிப்பின் வீச்சு ஆஃப்செட்டுடன் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. ஆஃப்செட் என்பது ஒலி எழுப்பும் இடத்துக்கும் அதைப் பதிவு செய்யும் கருவிக்கும் இடையிலுள்ள தொலைவு. துறையில் இம்முறையை ஏ.வி.ஓ. என்பார்கள். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் இருந்து புவியியலும் புவி இயற்பியலும் படிக்கச் செல்லும் மாணவர்கள், ஒரு கணினியையும் பொதுவில் கிடைக்கும் தரவையும் வைத்துக்கொண்டு தாங்களே செய்து பார்க்கும் அளவுக்கு இதை விளக்க முயல்கிறேன். வழி முழுவதும் நான் வலியுறுத்தப்போவது ஒன்றே: ஒரு மணலை வாயு மணல் என்று சொல்லும் முன், அதே மணலில் நீர் இருந்தால் பதிவு எப்படி இருந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கோணம் ஏன் முக்கியம்

நெட்டலையின் வேகம் பாறையின் பருமக் குணகம், விறைப்புக் குணகம், அடர்த்தி ஆகிய மூன்றையும் சார்ந்தது. குறுக்கலையின் வேகம் விறைப்பையும் அடர்த்தியையும் மட்டுமே சார்ந்தது. துளைகளிலுள்ள நீரை விலக்கி வாயு புகும்போது, வாயு எளிதில் அமுங்குவதால் பாறையின் பருமக் குணகம் வெகுவாகக் குறைகிறது. நீருக்கும் வாயுவுக்கும் விறைப்பு கிடையாது என்பதால் விறைப்புக் குணகம் அப்படியே இருக்கிறது. ஆகவே நெட்டலை வேகம் சரிகிறது. குறுக்கலை வேகமோ, அடர்த்தி குறைந்த காரணத்தால், சற்றே உயர்கிறது. இரண்டுக்கும் இடையிலான விகிதம் குறைய, பாய்ஸன் விகிதமும் தெளிவாகக் குறைகிறது.

எல்லையைச் செங்குத்தாகத் தாக்கும் அலை, நெட்டலை வேகமும் அடர்த்தியும் பெருகிக் கிடைக்கும் அலைத்தடையின் வேறுபாட்டை மட்டுமே காட்டும். சாய்ந்து தாக்கும் அலையின் ஆற்றலில் ஒரு பகுதி குறுக்கலையாக மாறிவிடுவதால், திரும்பி வரும் நெட்டலையின் வீச்சில் குறுக்கலை வேகத்தின் தடமும் பதிகிறது. காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு, ஸ்ட்ரைக்கர் காயை நடுவில் தாக்கும்போதும் ஓரத்தில் தாக்கும்போதும் வேகம் ஒரே விதமாகப் பங்கிடப்படுவதில்லை என்பது கைப்பழக்கமாகவே தெரியும். பாறை எல்லையிலும் படுகோணம் மாற மாறப் பங்கீடு மாறுகிறது.

இந்தப் பங்கீட்டை நாட் என்பவர் 1899இலும் சோப்பிரிட்ஸ் என்பவர் 1919இலும் சமன்பாடுகளாக எழுதிவிட்டனர். ஆனால் 1970களில் எண்ணெய்த் தேடலில் கோலோச்சியது, ஸ்டாக் செய்த, அதாவது ஒரே இடத்துக்கான பல ஆஃப்செட் பதிவுகளை ஒன்றாகக் கூட்டிய, படத்தில் பளிச்சென்று தெரியும் பிரைட் ஸ்பாட் மட்டுமே. நிலக்கரி, எரிமலைப் பாறை, நுண்துளைகள் மிகுந்த நீர் மணல் ஆகியவையும் அதே பளிச்சைத் தரும் என்பதால் பல கிணறுகளில் எண்ணெயோ வாயுவோ கிடைக்கவில்லை. ஆஸ்ட்ராண்டர் 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வாயு மணலின் குறைந்த பாய்ஸன் விகிதம் எதிரொலிப்பைக் கோணத்துடன் வளரச் செய்கிறது என்பதை உண்மைப் பதிவுகளிலேயே காட்டியது. இம்முறை பரவலானது அதன் பின்னரே.

முதல் படி: நீரை முதலில் கணக்கிடுங்கள்

அருகிலுள்ள கிணற்றின் ஒலி வேகப் பதிவு, அடர்த்திப் பதிவு, கிடைத்தால் குறுக்கலைப் பதிவு ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். குறுக்கலைப் பதிவு இல்லாத பழைய கிணறுகளுக்கு, கஸ்தாக்னாவும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் தந்த தொடர்பு உதவும்: கிலோமீட்டர்/விநாடி அலகில், நெட்டலை வேகம் = 1.16 × குறுக்கலை வேகம் + 1.36. இது நீர் நிறைந்த மணலுக்கும் களிப்பாறைக்கும் மட்டுமே பொருந்தும். வாயு மண்டலத்தில் அளந்த நெட்டலை வேகத்தை நேரடியாக இதில் இட்டால் தவறான குறுக்கலை வேகமே கிடைக்கும். முதலில் அந்த மண்டலத்தைக் கணக்கில் நீராக மாற்றிக்கொள்ள வேண்டும். துளையிடும் சேற்றிலிருந்து கசியும் நீர் கிணற்றுச் சுவரை ஒட்டிய வாயுவைத் தள்ளிவிடுவதால், பதிவுகள் காட்டும் அடர்த்தியும் வேகமும் உண்மையான வாயு மணலுடையவை அல்லாமல் போகக்கூடும் என்பதையும் இங்கேயே சரிபார்க்க வேண்டும்.

நீரை வாயுவாகவும் வாயுவை நீராகவும் மாற்றிக் கணக்கிடும் கருவி, காஸ்மன் 1951இல் வெளியிட்ட சமன்பாடு. எண்களோடு பார்த்தால்தான் இது மனதில் நிற்கும். 25 விழுக்காடு நுண்துளை கொண்ட, அதிகம் இறுகாத மணலை எடுத்துக்கொள்வோம். அதற்கு மேலே களிப்பாறை: நெட்டலை 2700 மீட்டர்/விநாடி, குறுக்கலை 1150 மீட்டர்/விநாடி, அடர்த்தி 2.30 கிராம்/கன செ.மீ. மணலில் நீர் இருந்தால் அதே வரிசையில் 2800, 1390, 2.24. அதே மணலில் 85 விழுக்காடு வாயு இருந்தால் காஸ்மன் கணக்கின்படி 2300, 1450, 2.06. பாய்ஸன் விகிதம் களிப்பாறையில் ஏறக்குறைய 0.39, நீர் மணலில் 0.34, வாயு மணலில் 0.17.

இனி 1985இல் ஷூயி எளிமைப்படுத்திய வடிவத்தைப் பயன்படுத்துவோம். ஏறக்குறைய 30 டிகிரி வரை, எதிரொலிப்புக் கெழு = வெட்டுத்துண்டு + சாய்வு × (படுகோணத்தின் சைன்)². வெட்டுத்துண்டு என்பது அலை செங்குத்தாகப் படும்போது கிடைக்கும் கெழு. அது நெட்டலை வேகத்தின் சார்பு மாற்றமும் அடர்த்தியின் சார்பு மாற்றமும் கூடியதில் பாதி. சார்பு மாற்றம் என்றால், கீழடுக்கின் மதிப்பிலிருந்து மேலடுக்கின் மதிப்பைக் கழித்து, இரண்டின் சராசரியால் வகுப்பது. சாய்வைப் பெற, நெட்டலை வேகத்தின் சார்பு மாற்றத்தில் பாதியை எடுத்து, அதிலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும்: குறுக்கலை–நெட்டலை விகிதத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கிக் குறுக்கலை வேகத்தின் சார்பு மாற்றத்தோடு பெருக்கியது ஒன்று, அதே வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அடர்த்தியின் சார்பு மாற்றத்தோடு பெருக்கியது மற்றொன்று.

நம் எண்களை இட்டால், நீர் மணலின் மேல் எல்லைக்கு வெட்டுத்துண்டு +0.005, சாய்வு −0.13, வாயு மணலுக்கு வெட்டுத்துண்டு −0.135, சாய்வு −0.27. 30 டிகிரியில் நீர் மணலின் கெழு ஏறக்குறைய −0.03, வாயு மணலுடையது ஏறக்குறைய −0.20. இதை நிதானமாகப் பாருங்கள். நீர் மணலின் சாய்வும் எதிர்க்குறியே. அதன் வீச்சும் தொலை ஆஃப்செட்டில் எதிர்த்திசையில்தான் நகர்கிறது. ஆகவே வீச்சு கோணத்துடன் வளர்ந்தாலே வாயு என்று எண்ணுவது பிழை. எவ்வளவு வளர்கிறது, எந்த வெட்டுத்துண்டிலிருந்து வளர்கிறது, நீருக்கு எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பவையே சான்றாகும். இந்த எண்கள் கையில் இல்லாமல் பதிவைத் திறப்பவர் தாம் விரும்புவதையே அதில் காண்பார்.

இரண்டாம் படி: வீச்சைச் சிதைக்காத செயலாக்கம்

முழு வேலையிலும் அதிக நேரம் கேட்பது இதுதான். அவசரத்தில் அதிகம் கெடுவதும் இதுவே. வழக்கமான செயலாக்கத்தின் நோக்கம் அழகான படம். நமக்குத் தேவை ஆஃப்செட்டுகளுக்கிடையே உண்மையான விகிதத்தில் நிற்கும் வீச்சு. அலை பரவும்போது ஆற்றல் விரிந்து குறைவதை வேகத்தின் அடிப்படையில் ஈடுசெய்யுங்கள். பாறை உறிஞ்சும் உயர் அதிர்வெண்களுக்கும், நீண்ட தூரம் பயணிக்கும் தொலை ஆஃப்செட்டில் அவ்விழப்பு கூடுதல் என்பதற்கும் ஈடு வேண்டும். கடலில், ஒலி எழுப்பும் காற்றுத் துப்பாக்கி வரிசையும் ஏற்பி வரிசையும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் உணர்வதில்லை. அந்தத் திசைச் சார்பையும் திருத்த வேண்டும். ஒவ்வொரு டிரேஸின், அதாவது ஒவ்வோர் ஏற்பியின் பதிவின், வீச்சையும் தானாகச் சமன்செய்யும் ஏ.ஜி.சி. செயலியை எந்த நிலையிலும் இந்தத் தரவின்மேல் ஓட்டக் கூடாது. நாம் தேடும் வேறுபாட்டையே அது அழித்துவிடும்.

அடுத்த பகை மல்டிபிள். கடலடிக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே மீண்டும் மீண்டும் எதிரொலித்து வரும் அலைகள், அருகு ஆஃப்செட்டில் உண்மையான எதிரொலிப்போடு ஒன்றாகவும் தொலை ஆஃப்செட்டில் விலகியும் விழுவதால், கோணத்துடன் மாறும் போலி வீச்சை உருவாக்குகின்றன. அலைகளை அவற்றின் வளைவைக் கொண்டு பிரிக்கும் ராடான் முறையில் அவற்றை நீக்கலாம். ஆனால் அருகு ஆஃப்செட்டில் உண்மையையும் போலியையும் அம்முறையால் நன்கு பிரிக்க இயலாது என்பதால், நீக்கியதைத் தனிப் படமாக வரைந்து, அதில் நம் இலக்கு எதிரொலிப்பின் சாயல் உள்ளதா என்று பார்ப்பது கட்டாயம்.

பின்னர், எதிரொலிப்புகளை அவை எழுந்த உண்மையான இடத்துக்கு நகர்த்தும் மைக்ரேஷன், அதுவும் ஸ்டாக் செய்வதற்கு முன். அதன்பின் எதிரொலிப்புகளை ஆஃப்செட் முழுவதும் நேர்கோட்டில் நிறுத்தும் நுணுக்கமான வேகத் திருத்தம். 30 ஹெர்ட்ஸ் அலையின் சுழற்சிக் காலம் 33 மில்லிவிநாடி. எனவே தொலை ஆஃப்செட்டில் 8 மில்லிவிநாடி வளைவு எஞ்சியிருந்தாலே, நாம் உச்சத்தில் அளப்பதாக எண்ணும் இடம் உண்மையில் வீச்சு பூச்சியத்தைக் கடக்கும் இடமாகிவிடும். சாய்வைக் கெடுக்கும் காரணங்களில் இதுவே மிகச் சாதாரணமானதும் மிகக் கொடியதும் ஆகும். அதிக கோணங்களில் அலை நீட்சியுற்று அதிர்வெண் குறைவதால், அப்பகுதியை மியூட் செய்து வெட்டிவிடுங்கள்.

இறுதியாக போலாரிட்டியை, அதாவது படத்தில் நேர்க்குறி எந்தத் திசை என்பதை, உறுதி செய்யுங்கள். கடலடி எப்போதும் நேர்க்குறிக் கெழுவையே தரும் என்பதால், அது உங்கள் படத்தில் எந்தத் திசையில் நிற்கிறதோ அதை நேர்க்குறி என்று குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். வாயு வாய்ப்பே இல்லாத ஒரு களிப்பாறைத் தொடரை இலக்குக்கு மேலே தேர்ந்து, அதன் சராசரி வீச்சு ஆஃப்செட்டுடன் கணிப்பின்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனை. அங்கேயே வீச்சு தவறாக நடந்தால், இலக்கில் என்ன தெரிந்தாலும் அதை நம்ப வழியில்லை.

மூன்றாம் படி: ஆஃப்செட்டிலிருந்து கோணம்

2000 மீட்டர் ஆழ இலக்குக்கு 3000 மீட்டர் ஆஃப்செட் இருந்தால், நேர்கோட்டுப் பாதையின்படி படுகோணம் ஏறக்குறைய 37 டிகிரி. ஆழத்துடன் வேகம் கூடுவதால் கதிர் வளைந்து, உண்மைக் கோணம் இதைவிட அதிகமாகவே இருக்கும். எனவே மென்மையாக்கிய இடைவெளி வேகத்தை (ஒவ்வோர் அடுக்குக்கும் உரிய வேகத்தை) கொண்டு கோணத்தைக் கணக்கிடுங்கள். வேகத்தில் துள்ளல் இருந்தால் கோணத்திலும் துள்ளல் வரும். பிறகு 5–15, 15–25, 25–35 டிகிரி என மூன்று கோண ஸ்டாக்குகளைச் செய்து பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். கண்ணுக்குப் புலப்படாத எந்த வேறுபாட்டையும் பின்னால் வரும் கணக்கை மட்டும் நம்பி ஏற்க வேண்டாம்.

நான்காம் படி: வெட்டுத்துண்டும் சாய்வும், கிராஸ்பிளாட்டும்

ஒவ்வொரு நேர மாதிரியிலும், வீச்சைக் கோண சைனின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்து, புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால் வெட்டுத்துண்டும் சாய்வும் கிடைக்கும். வெட்டுத்துண்டைக் கிடையச்சிலும் சாய்வைக் குத்தச்சிலும் வைத்துக் கிராஸ்பிளாட் வரைந்தால், நீர் மணலும் களிப்பாறையும் மாறி மாறி வரும் சாதாரண அடுக்குகள், தொடக்கப் புள்ளி வழியே இடமேலிருந்து வலக்கீழாகச் சரியும் ஒரு பட்டையாக நிற்கும். வாயு மணலின் மேல் எல்லை அந்தப் பட்டையிலிருந்து விலகி இடக்கீழ்ப் பக்கம் செல்லும். கீழ் எல்லை வலமேற்பக்கம் செல்லும். இந்த விலகலையே ஸ்மித்தும் கிட்லோவும் 1987இல் திரவக் காரணி என்ற அளவாக ஆக்கினர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பொருத்தும் கோட்டின் சாய்வு தவறாக மிகுந்தால் வெட்டுத்துண்டு தவறாகக் குறையும். இரண்டின் பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இணைந்து நடப்பவை. ஆகவே வெறும் இரைச்சலை வரைந்தாலும் அதே திசையில் சரியும் பட்டை ஒன்று உருவாகும். அதைப் பாறையின் போக்கு என்று எடுத்துக்கொள்ளாமல், கிணற்றுப் பதிவிலிருந்து செய்த மாதிரியின் பட்டையோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரூதர்ஃபோர்டும் வில்லியம்ஸும் 1989இல் வாயு மணல்களை மூன்று வகுப்பாகப் பிரித்தனர். முதல் வகுப்பு மணல், மேலுள்ள களிப்பாறையைவிட அலைத்தடை மிகுந்தது. அருகில் வலுவான நேர்க்குறி வீச்சோடு தொடங்கி, கோணத்துடன் மங்கி, சில வேளை குறியே மாறும். முழு ஸ்டாக்கில் நேரும் எதிரும் ஒன்றையொன்று அழித்து, மணலே இல்லாததுபோல் தோன்றலாம். இரண்டாம் வகுப்பின் அலைத்தடை களிப்பாறைக்கு ஏறக்குறைய சமம். அருகில் எதுவும் தெரியாது, தொலைவில் எதிர்க்குறி எழும். மூன்றாம் வகுப்பு அலைத்தடை குறைந்தது. நம் எடுத்துக்காட்டு இதைச் சேர்ந்தது. கஸ்தாக்னாவும் ஸ்வானும் 1997இல் நான்காம் வகுப்பைச் சேர்த்தனர். மேலே மிகக் கடினமான பாறை இருந்தால், அலைத்தடை குறைந்த வாயு மணலின் எதிர்க்குறி வீச்சு கோணத்துடன் வளராமல் தேயும். வீச்சு தேய்வதால் வாயு இல்லை என்று தள்ளிவிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த வகுப்பே சான்று. வகுப்பு என்பது மணலுக்கும் அதன் மேற்பாறைக்கும் இடையிலான உறவின் பெயர் என்பதால், ஒரே மணல் ஆழத்துக்கு ஆழம் வகுப்பு மாறும்.

ஐந்தாம் படி: பொய்ச் சான்றுகளை ஒவ்வொன்றாக விலக்குதல்

இவற்றுள் தலையாயது குறைந்த அளவு வாயு. நம் எடுத்துக்காட்டு மணலில் துளைகளின் 10 விழுக்காடு மட்டும் வாயுவாகவும் மீதி நீராகவும் சீராகக் கலந்திருந்தால், நெட்டலை வேகம் 2800இலிருந்து ஏறக்குறைய 2330 மீட்டர்/விநாடிக்குச் சரிந்துவிடுகிறது. 85 விழுக்காடு வாயு இருந்தாலும் அது 2300தான். வணிக மதிப்பே இல்லாத கசிவு வாயுவும் செழிப்பான வயலும் வேகத்தின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது அடர்த்தி: முன்னதில் 2.22, பின்னதில் 2.06. அதனால் வெட்டுத்துண்டும் −0.09, −0.135 என்று வேறுபடுகிறது. ஆனால் அதே வேறுபாட்டை நுண்துளை மாற்றமோ அடுக்கின் தடிப்போ ஏற்படுத்தியிருக்கலாம். அடர்த்தியை நம்பகமாகப் பிரித்தெடுக்க 40 டிகிரியைத் தாண்டிய கோணங்களும், ஷூயி சமன்பாட்டில் நாம் விட்டுவிட்ட மூன்றாம் உறுப்பும் சேர்ந்த பொருத்தமும் தேவை. அத்தகைய தூய்மையான தொலைத் தரவு பல ஆய்வுகளில் கிடைப்பதில்லை. ஆகவே இம்முறை வாயு உண்டு என்று சொல்லும் வலிமை உடையது, எவ்வளவு என்று சொல்லும் வலிமை பெரும்பாலும் அற்றது. இதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுவது நம் கடமை.

அடுத்தது தடிப்பு. 2300 மீட்டர்/விநாடி வேகத்தில் 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 77 மீட்டர். அதன் கால் பங்கு 19 மீட்டர். மணல் அந்தத் தடிப்பை நெருங்கும்போது மேல், கீழ் எல்லைகளின் எதிரொலிப்புகள் ஒன்றோடொன்று கூடி வீச்சைப் பெருக்கும்; அதைவிட மெல்லிதானால் குறைக்கும். இந்தக் கூடுகை கோணத்துக்குக் கோணம் மாறுவதால், தடிப்பு படிப்படியாகக் குறையும் ஆப்பு வடிவ மாதிரி ஒன்றைச் செய்து, நீருக்கும் வாயுவுக்கும் தனித்தனியே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். திசைக்குத் திசை வேகம் மாறும் களிப்பாறை, நிலக்கரி அடுக்கு, மேலே கிடக்கும் ஆழமற்ற வாயுப் பொதியின் நிழல் ஆகியவையும் சாய்வை மாற்றவல்லவை.

இவை எல்லாம் மணல்–களிப்பாறை அடுக்குகளுக்கே. காவிரிப் படுகையின் கடற்பகுதியில் உள்ள பி.ஒய்.–1 வயல்போல் வெடிப்புற்ற அடித்தளப் பாறையில் வாயு தங்கியிருக்கும் இடத்தில், மேலே சொன்ன வகுப்புகளைப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

ஆறாம் படி: நிலவியல் ஒத்துக்கொள்கிறதா

திரவக் காரணியையோ தொலைக் கோண வீச்சையோ வரைபடமாக்கி, அதன்மேல் இலக்கின் ஆழக் கோடுகளை இடுங்கள். வாயு நீரின் மேல் மிதப்பதால், விலகல் ஒரு குறிப்பிட்ட ஆழக் கோட்டில் நின்றால் அது வலுவான சான்று. அந்த ஆழத்தில் அடுக்குகளின் சாய்வை வெட்டிக்கொண்டு செல்லும் தட்டையான எதிரொலிப்பும் தெரிந்தால், அது வாயு–நீர் எல்லையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது நேர்க்குறியில் நிற்க வேண்டும். மணல் கால்வாய் வடிவில் வளைந்து சென்றால் விலகல் அந்தக் கால்வாயின் எல்லைக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். விலகல் ஆழக் கோட்டையும் மதிக்காமல், மணலின் வடிவத்தையும் மதிக்காமல், கப்பல் ஓடிய கோடுகளின் திசையில் பட்டை பட்டையாகக் கிடந்தால், அது செயலாக்கம் விட்டுச்சென்ற தழும்பு.

பழகுவதற்கு, வட கடலின் வைக்கிங் கிராபென் பகுதியில் எடுக்கப்பட்ட ஒற்றைக் கோட்டுத் தரவைப் பரிந்துரைக்கிறேன். இரண்டு கிணறுகளின் பதிவுகளோடு பொதுவில் கிடைக்கும் அத்தரவில், 25 மீட்டர் இடைவெளியில் 120 ஏற்பிகள் உள்ளன. மல்டிபிள்கள் வலுவானவை என்பதால் இரண்டாம் படியின் கடுமை முழுவதும் அதில் பிடிபடும். சைஸ்மிக் யுனிக்ஸ், மடகாஸ்கர் ஆகிய இலவச மென்பொருள்களில் செயலாக்கத்தையும், பைத்தானில் ஷூயி, காஸ்மன் கணக்குகளையும் செய்துகொள்ளலாம். மேலே தந்த மூன்று பாறைகளின் எண்களை முதலில் உங்கள் நிரலில் இட்டு, −0.135, −0.27 என்ற விடைகள் வருகின்றனவா என்று சரிபாருங்கள். வந்த பிறகு நுண்துளையை 20 விழுக்காடாகவும் 30 விழுக்காடாகவும் மாற்றி, நீரின் புள்ளிகளும் வாயுவின் புள்ளிகளும் கிராஸ்பிளாட்டில் எங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். உண்மைத் தரவின் புள்ளிகள் அந்தக் கலப்புப் பகுதிக்குள் விழுந்தால், வாயு என்றோ நீர் என்றோ எழுதாமல், இரண்டுக்குமான நிகழ்தகவைத் தனித்தனியே எழுதுங்கள்.